சர்க்கரைச் சொம்பும் இரண்டு பிள்ளைகளும்

அம்மா பித்தளைச் சொம்பைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்து வைத்துவிட்டாள் என்றால் எங்கள் வீட்டுக்கு அழகர் வந்தாயிற்று என்று அர்த்தம். சொம்பு நிறைய நாட்டுச்சர்க்கரையைக் கொட்டி, தட்டித் தட்டி இறுக்குவாள். வாயை வாழையிலைத் துண்டால் மூடி, கழுத்தைச் சுற்றி வாழைநாரால் கட்டுவாள். இலையின் மேல் சூடம். எதிர்சேவையன்று, அதாவது அழகர்மலையிலிருந்து வரும் பெருமாளை மதுரை எதிர்கொண்டு அழைக்கும் நாளில், அழகர் நம் முன்னால் வரும்போது சூடத்தை ஏற்றி, சொம்பை இரண்டு கையாலும் தூக்கிக் காட்ட வேண்டும். சாமி கடந்து போனதும் கருகிய இலையைப் பிரித்து, பக்கத்தில் நிற்பவர் யாராக இருந்தாலும் ஒரு கை சர்க்கரை. பேர் ஊர் கேட்பதில்லை.

நான் மதுரையில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணமாகிச் சென்னைக்குப் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. 2019-இல் மகன் கைக்குழந்தை. அவனைத் தூக்கிக்கொண்டு சித்திரைத் திருவிழாவுக்கு வந்தேன். 2020, 2021 இரண்டு வருடமும் நோய்க்காலம். திருவிழாவே கோயில் மதிலுக்குள் முடிந்துபோக, நாங்கள் சென்னையில் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்து கும்பிட்டோம். 2022 முதல் ஒரு வருடமும் விட்டதில்லை. இப்போது மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்தக் கூட்டத்துக்கு எப்படிப் போகிறாய் என்று தோழிகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் தேதி. இதில்தான் வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். சித்திரைத் திருவிழா என்று ஒரே பெயர் சொன்னாலும் உள்ளே இருப்பது இரண்டு திருவிழா. மீனாட்சி கோயிலில் கொடியேறிப் பன்னிரண்டு நாள் நடப்பது ஒன்று. பத்தாம் நாள் திருக்கல்யாணம், மறுநாள் தேர். அழகர்மலையிலிருந்து கள்ளழகர் இறங்கி வந்து சித்ரா பௌர்ணமியில் வைகையில் இறங்குவது இன்னொன்று. மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைத் திருமலை நாயக்கர்தான் சித்திரைக்குக் கொண்டுவந்து இரண்டையும் சேர்த்து வைத்தார் என்பது மதுரையில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும் வரலாறு. சேர்த்து வைத்தாலும் இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளி வருடத்துக்கு வருடம் மாறும். 2024-இல் தேரும் எதிர்சேவையும் ஏப்ரல் 22, ஒரே நாள். மறுநாள் விடியலில் அழகர் ஆற்றில். 2025-இல் தேர் மே 9, எதிர்சேவை மே 11, ஆற்றில் இறங்கியது மே 12. ஆகவே போன வருடக் கணக்கை வைத்து ரயில் டிக்கெட் போடாதீர்கள். கோயில் அழைப்பிதழ் வந்ததும் தேதியைப் பார்த்து, பின்னால் ஒரு நாள் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அழகர் இறங்கிய அன்றிரவே ஊர் திரும்பலாம் என்று நினைத்தால் வண்டி பிடித்து ஸ்டேஷன் போய்ச் சேருவதற்குள் பிள்ளைகள் துவண்டுவிடும்.

திருக்கல்யாணத்துக்கு உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்ற ஆசையை, பிள்ளைகள் சிறியவர்களாக இருக்கும்வரை நான் ஒத்திவைத்திருக்கிறேன். வடக்கு ஆடி வீதியும் மேற்கு ஆடி வீதியும் சந்திக்கும் இடத்தில் பந்தல் போட்டுக் கல்யாணம் நடக்கும். கட்டணச் சீட்டுக்காரர்களானாலும் இலவச வரிசைக்காரர்களானாலும் விடியும் முன்னரே போய் உட்கார வேண்டும். செல்போன் உள்ளே கொண்டுபோக முடியாது. கூட்டத்தில் பிரிந்துவிட்டால் கூப்பிட்டுப் பேச வழியில்லை. நாலு வயதுப் பிள்ளையை அத்தனை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார வைப்பது அதற்கும் தண்டனை, நமக்கும் தண்டனை. நாங்கள் வீட்டிலேயே நேரலை பார்த்து, மீனாட்சிக்குத் தாலி ஏறும் அந்த நேரத்தில் அம்மா, மதினி, நான் மூவரும் புது மஞ்சள் கயிறு மாற்றிக்கொள்கிறோம். தெருவில் எல்லா வீட்டிலும் அந்த நேரம் இதேதான் நடக்கும். ஒரு தெருவே மௌனமாகி, பிறகு ஒரே சமயத்தில் குலவைச் சத்தம் கிளம்புவதைக் கேட்டிருக்கிறீர்களா? என் மகள் அதைக் கேட்டுவிட்டு இப்போது எல்லாக் கல்யாண வீட்டிலும் குலவை போடுகிறாள்.

அதன்பிறகு சேதுபதி பள்ளிக்கூடத்துக்குப் போவோம். அங்கே மீனாட்சி கல்யாண விருந்து. முதல் நாளே ஊர்ப் பெண்கள் அரிவாள்மனையை எடுத்துக்கொண்டு வந்து காய் நறுக்கிக் கொடுப்பார்கள். சாப்பிட்டுவிட்டு மொய் எழுதலாம். நம் வீட்டுக் கல்யாணம் மாதிரி நோட்டு வைத்துப் பெயர் எழுதுவார்கள். போன வருடம் மகன் தன் உண்டியலிலிருந்து எடுத்து வந்த ஐம்பது ரூபாயைத் தன் பெயரிலேயே எழுதச் சொன்னான். வரிசை நீளமாக இருக்கும். பதினொரு மணிக்கு முன் போனால் வெயில் அவ்வளவு படாது.

உள்ளே போகவில்லையே என்ற குறை தீர, அன்று ராத்திரி மாசி வீதிக்குப் போங்கள். கல்யாணம் முடிந்த சுந்தரேசுவரர் யானை வாகனத்திலும் மீனாட்சி பூப்பல்லக்கிலும் வருவார்கள். காலைக் கூட்டத்தில் பாதிகூட இருக்காது. வெயில் தணிந்திருக்கும். பல்லக்கு தெருமுனை திரும்பும் முன்னரே மல்லிகை வாசம் வந்து சேர்ந்துவிடும். பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குப் பன்னிரண்டு நாளில் ஒரே ஒரு வேளைதான் வாய்க்கும் என்றால் நான் இந்த ராத்திரியைத்தான் சொல்வேன்.

மறுநாள் தேர். விடியற்காலையிலேயே கீழமாசி வீதியில் வடம் பிடித்துவிடுவார்கள். தெற்கு, மேற்கு, வடக்கு என்று நாலு மாசி வீதியும் சுற்றி வரும். தேர் புறப்படும் இடத்தில் போய் முண்டியடிக்க வேண்டாம். மேலமாசி வீதிப் பக்கம் ஏதாவது கடைப் படிக்கட்டில் உயரமான இடமாகப் பார்த்து உட்கார்ந்துகொண்டால் தேர் தானாக நம்மிடம் வரும். பிள்ளைகள் மேலே பார்ப்பதைவிடச் சக்கரத்தைத்தான் பார்ப்பார்கள். சக்கரத்தின் கூடவே குனிந்தபடி ஓடி, தேரை நிறுத்தவும் திருப்பவும் முட்டுக்கட்டை போடுகிறவர்களின் வேலையை மகன் கண் கொட்டாமல் பார்த்தான். அத்தனை பெரிய தேர் ஒரு மரத்துண்டுக்கு முன்னால் கிரீச்சென்று நிற்கிறது. "நீ எதுக்கெடுத்தாலும் முட்டுக்கட்டை போடாதம்மான்னு சொல்றது இதுதானா அம்மாச்சி?" என்று கேட்டான். அந்தச் சொல்லின் வீட்டை அவன் அன்றுதான் பார்த்தான்.

இனி வாய்க்கு ருசியான சங்கதிகள்.

ஜிகர்தண்டா இல்லாமல் பிள்ளைகள் மதுரையை ஒத்துக்கொள்வதில்லை. ஜிகர் என்றால் ஈரல், நெஞ்சு. தண்டா என்றால் குளிர்ச்சி. கடல்பாசி, நன்னாரி சர்பத், சுண்டக் காய்ச்சி ஆற வைத்த பால், மேலே ஒரு உருண்டை ஐஸ்கிரீம். பால் சுண்டி லேசாகப் பழுப்பேறியிருக்க வேண்டும். வெள்ளை வெளேரென்று இருந்தால் அது காய்ச்சின பால் இல்லை, கலந்த பால். விளக்குத்தூண் பக்கம் மத்தியானத்தில் கூட்டம் அதிகம். நாங்கள் முற்பகலிலேயே முடித்துவிடுவோம். சின்னப் பிள்ளைக்கு ஒரு முழு டம்ளர் வேண்டாம். இரண்டு பிள்ளைக்கு ஒன்று போதும். வயிறு நிறைந்து பின் மதியச் சாப்பாடு இறங்காது.

சாயங்காலம் பருத்திப்பால். பருத்திவிதையை ஊறப்போட்டு, ஆட்டிப் பிழிந்து, பாலை வடிகட்டிக் கொதிக்க வைத்து, ஊறின பச்சரிசி மாவு கரைத்து ஊற்றி, கருப்பட்டியோ வெல்லமோ சேர்த்து, சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு, கடைசியில் தேங்காய்த் துருவல். தள்ளுவண்டியில் பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகளுக்கு எதை வாங்கிக் கொடுப்பது என்று பயப்படுகிறவர்களுக்கு இதைவிட நல்லது இல்லை. 2022-இல் தெருவோர ஜூஸில் போட்ட ஐஸ் கட்டி ஒத்துக்கொள்ளாமல் மகன் இரண்டு நாள் படுத்துவிட்டான். அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே விதி: வெளியில் வாங்கினால் நம் கண் முன்னால் கொதிப்பது, நம் கண் முன்னால் உரிப்பது. நுங்கு உண்டு, வெட்டி வைத்த தர்பூசணி கிடையாது.

அழகர்கோயில் தோசை இன்னொரு சங்கதி. தோலோடு உளுந்தும் பச்சரிசியும் அரைத்து, மிளகும் சுக்கும் தட்டிப்போட்டு, நெய்யில் வேகவிட்ட தடித்த தோசை. கருமையும் பொன்னிறமும் கலந்திருக்கும். பெருமாளுக்குப் படைப்பது அதுதான். கையில் எடுத்தால் அடை மாதிரி கனக்கும்; ஒரு துண்டு வாயில் போட்டால் முதலில் நெய், பிறகு மிளகு, கடைசியில் உளுந்துத் தோலின் லேசான கசப்பு. இரண்டு நாள் வைத்துச் சாப்பிடலாம், ரயிலுக்கு நல்ல கட்டுச்சோறு. ஆனால் அதை மலைமேல் நூபுர கங்கைக்கோ பழமுதிர்சோலைக்கோ கையில் கொண்டுபோகாதீர்கள். குரங்குகள் பையின் வாசனையை அறியும். கீழே இறங்கி, கிளம்பும்போது வாங்குங்கள். அழகர் மதுரைக்கு வந்திருக்கும் நாட்களில் அந்தச் சாலை நெரியும். சாமி மலைக்குத் திரும்பிய பிறகு ஒரு காலைப்பொழுதில் போனால் கோட்டைச் சுவரையும் பதினெட்டாம்படிக் கருப்பர் கதவையும் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டலாம்.

தேருக்கும் எதிர்சேவைக்கும் நடுவில் ஒரு நாள் கிடைத்தால் திருமலை நாயக்கர் மகாலுக்கு வெயிலேறும் முன் போய் வருவோம். 1636-இல் கட்டி முடித்த அரண்மனையில் இன்று நிற்பது ஒரு பகுதிதான். அந்தத் தூண் ஒன்றைக் கட்டிப்பிடிக்க எங்கள் வீட்டில் எத்தனை பேர் வேண்டும் என்று பிள்ளைகள் கைகோத்து அளப்பார்கள். ஒரு மணி நேரம் போதும்.

இப்போது எதிர்சேவை. இதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

அழகர் கள்ளர் கோலத்தில், கொண்டையும் கையில் வளைத்தடியுமாக மலையிலிருந்து கிளம்புகிறார். இருபது கிலோமீட்டருக்கு மேல் வழி. வழியில் 400-க்கும் மேல் மண்டகப்படி. ஒவ்வொன்றிலும் நின்று, மரியாதை வாங்கிக்கொண்டு, அடுத்ததற்கு நகர்கிறார். காலையில் மூன்றுமாவடியில் ஊர் திரண்டு எதிர்கொண்டு அழைக்கும். அங்கிருந்து புதூர் வழியாகத் தல்லாகுளம் வந்து சேர இரவாகிவிடும். அந்த ஒரு நாள் முழுவதும், அந்தச் சாலை முழுவதும், சாமி ஒவ்வொரு தெருமுனையிலும் நின்று நின்று வருகிறார். நாம் எங்கேயும் ஓட வேண்டியதில்லை. ஒரு வேப்பமர நிழலையும் ஒரு தண்ணீர்ப்பந்தலையும் கண்டுபிடித்து உட்கார்ந்தால் போதும். அழகரைத் துரத்தாதீர்கள், அவர் வருவார். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது 2023.

அந்த வருடம் நான் பேராசைப்பட்டேன். மூன்றுமாவடியில் பார்த்தாயிற்று. புதூரில் ஒரு தடவை, தல்லாகுளத்தில் ஒரு தடவை என்று பல்லக்குக்கு முன்னால் முன்னால் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நடந்தேன். மகளை இடுப்பில் வைத்திருந்தேன். ஐந்து வயது மகன் என் சேலைத் தலைப்பைப் பிடித்திருந்தான். அந்த வழியாக ஜவ்வு மிட்டாய்க்காரர் வந்தார். நீண்ட மூங்கில் கம்பு, அதன் உச்சியில் கைதட்டும் பொம்மை, கம்பைச் சுற்றி ரோஸும் வெள்ளையுமாக மிட்டாய். அதை நூலாக இழுத்து, முறுக்கி, மகன் மணிக்கட்டில் கைக்கடிகாரம் கட்டிவிட்டார். காசைக் கொடுத்துவிட்டு நடந்தோம். பத்து அடி போய்த் திரும்பினேன், தலைப்பில் பிள்ளை இல்லை.

கைதட்டும் பொம்மையின் பின்னாலேயே அவன் போயிருக்கிறான். எனக்குக் காது அடைத்துவிட்டது. வெளியே வேட்டும் பறையும் கோவிந்தா சத்தமும் இருக்கும்போது பெயர் சொல்லிக் கத்துவதில் பயனில்லை. அண்ணன் ஒரு பக்கம், என் வீட்டுக்காரர் ஒரு பக்கம் ஓடினார்கள். இருபது நிமிடம். என் வாழ்க்கையில் அதைப்போல் நீண்ட இருபது நிமிடம் இல்லை.

முன்ஜாக்கிரதையாக அவன் சட்டைப் பையில் போன் நம்பர் எழுதிய சீட்டு ஒன்றை வைத்துத்தான் இருந்தேன். ஆனால் நேர்த்திக்கடனுக்கு அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் அந்த வழியெல்லாம் நிற்பார்கள். கச்சையும் தலைப்பாகையும் கட்டி, தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி, குழாய் வழியாக வீசுவார்கள். கூட்டமும் நனையும், வெயிலுக்கு அது இதமாகவும் இருக்கும். அந்தத் தண்ணீரில் சீட்டு கூழாகிவிட்டது. அவன் அழுதபடி நிற்பதைப் பார்த்த ஒரு நீர்மோர்ப் பந்தல் அக்கா, சீட்டைப் பிரித்துப் பார்த்தால் நீல மை மட்டும் பரவியிருக்கிறது. பெரிய மனசுக்காரி. அவனை எங்கேயும் அனுப்பவில்லை. பந்தலின் முன்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, எல்லோர் கண்ணிலும் படும்படி அதன்மேல் நிற்க வைத்து, கையில் ஒரு டம்ளர் மோரைக் கொடுத்து, பக்கத்திலேயே நின்றுகொண்டாள். ஒலிபெருக்கியில் அவன் சட்டை நிறத்தைச் சொல்ல ஏற்பாடும் செய்துவிட்டாள். அண்ணன்தான் தூரத்திலிருந்தே பார்த்தான். நான் போய்ச் சேர்ந்தபோது மகன் அழுகையை நிறுத்தியிருந்தான். மணிக்கட்டில் மிட்டாய்க் கடிகாரம் உருகி ஒழுகிக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லத்தா, பிள்ள பத்திரமா இருக்கான், நீ மொதல்ல மோரக் குடி" என்று என் கையிலும் டம்ளரைத் திணித்தாள்.

அதிலிருந்து நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். நம்பரைச் சீட்டில் எழுதுவதில்லை. அழியாத மையில் முழங்கைக்குக் கீழே, உட்புறமாக எழுதுகிறோம். இரண்டு நம்பர், ஒன்று வீட்டில் இருப்பவருடையது, ஏனென்றால் கூட்டத்தில் நம் போன் மணி நமக்கே கேட்காது. பிள்ளைகள் இரண்டுக்கும் ஒரே பளிச்சென்ற நிறத்தில் சட்டை. கிளம்பும் முன் வாசலில் நிற்க வைத்து ஒரு போட்டோ, அன்று என்ன உடுத்தியிருக்கிறார்கள் என்று பதற்றத்தில் மறந்துவிடும். ஒரு பெரியவருக்கு ஒரு பிள்ளை, இடையில் கைமாற்றினால் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான். தொலைந்தால் தேடி நடக்கக் கூடாது, பக்கத்துப் பந்தலில் போய் நின்று "நான் தொலைந்துவிட்டேன்" என்று சொல்ல வேண்டும் என்று பிள்ளைகளுக்குப் பழக்கியிருக்கிறேன். கொலுசு, சங்கிலி எதுவும் போடுவதில்லை. ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர் பையில் இருக்கும். பானகம், நீர்மோர் எதுவானாலும் அதில்தான் வாங்கிக் குடிப்போம்.

ஆற்றில் இறங்குவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டாமா என்று கேட்பீர்கள். விடியற்காலை தங்கக் குதிரையில், ஆண்டாள் சூடிக் கொடுத்த மாலையோடு அவர் வைகையில் இறங்கும் காட்சிக்கு ஈடு கிடையாது. நான் கல்லூரிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். என்ன நிறப் பட்டு உடுத்தி வருகிறார், பச்சை என்றால் நாடு செழிக்கும் என்று ஊரே பேசிக்கொள்ளும். ஆனால் 2022-இல் அந்த ஆற்று நெரிசலில் இரண்டு பேர் உயிரே போய்விட்டது. பத்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை அந்த நேரத்தில் ஆற்றுக்குள் கொண்டுபோவதில்லை என்று நாங்கள் வீட்டில் முடிவெடுத்திருக்கிறோம். அன்று விடியலில் மொட்டை மாடியில் பாய் விரித்து நேரலை பார்ப்போம். அழகர் ராமராயர் மண்டபம் போய், பிறகு வண்டியூர் நோக்கி நகரும் வழியில், மாலையில் அண்ணாநகர்ப் பக்கம் நின்றால் மறுபடியும் தரிசனம் கிடைக்கும். அங்கேயும் மண்டகப்படி, அங்கேயும் புளியோதரை.

2025-இல் மே 11 அன்று வேறெங்கும் போகவில்லை. நேராக அந்த நீர்மோர்ப் பந்தலுக்குப் போய், மரத்தடியில் பாயை விரித்தோம். 2024-லும் அங்கேதான் இருந்தோம். அந்த அக்காவுக்கு இப்போது மகனை நன்றாகத் தெரியும். நாங்கள் பத்து லிட்டர் தயிர் வாங்கிப் போயிருந்தோம். கடைந்து, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, மல்லித்தழை நசுக்கிப் போட்டு, பானையில் கரைத்தாயிற்று. அக்கா மகனுக்கு ஒரு கரண்டி கொடுத்து ஊற்றச் சொன்னாள். "நிரம்ப ஊத்தாத சாமி, கை நடுங்குறவுக வருவாக, முக்கால் டம்ளர் ஊத்து" என்று சொல்லிக்கொடுத்தாள்.

அழகர் எங்களிடம் வந்தபோது பிற்பகல். அம்மா சூடத்தை ஏற்றிச் சொம்பைத் தூக்கினாள். இலை சுருண்டு கருகியது. பல்லக்கு ஒரு நிமிடம் நின்று, ஆடி, நகர்ந்தது. அம்மா நாரை அவிழ்த்து, முதல் கை சர்க்கரையை அந்த அக்காவுக்குக் கொடுத்தாள். அடுத்து மகனை, "வாடா, வாயைத் திற" என்று கூப்பிட்டாள்.

அவன் கரண்டியை விடவில்லை.

"இன்னும் நாலு பேர் நிக்கிறாங்க அம்மாச்சி. அங்கேயே வச்சிருங்க."